பவளப்பாறையைப் படம் எடுக்கப் போறவங்க அடிக்கடி கேக்கற கேள்விகள் – நம்ம குமரி மாவட்டத்துக்காரங்களுக்கு

குளச்சல், முட்டம், நாகர்கோவில்னு எங்க போனாலும் லட்சத்தீவுல கடலுக்கடியில எடுத்த படத்தைக் காட்டினதும் வர்ற கேள்வி எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு. ஒவ்வொருத்தருக்கும் வாட்ஸ்அப்ல வாய்ஸ் மெசேஜ் போட்டே தொண்டை கட்டிப் போச்சு, அதான் மொத்தமா எழுதிட்டேன். கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டிருக்கேன். மேலேர்ந்து வரிசையா படிங்க, முன்னாடி சொன்னதைப் பின்னாடி திரும்பச் சொல்லல.

அக்கா, பவளப்பாறைங்கறது கல்லா, செடியா, இல்ல உயிருள்ள ஜந்துவா?

ஜந்துதான். பாறையா தெரியறது அது கட்டின வீடு, சுண்ணாம்பு. அந்த வீட்டு மேல தோல் கணக்கா மெல்லிசா ஒரு உயிர் அடுக்கு இருக்கும், அதுல ஆயிரக்கணக்குல குட்டிக் குட்டி வாய், ஒவ்வொரு வாயைச் சுத்தியும் பொடி விரல்கள். பகல்ல பெரும்பாலும் உள்ள இழுத்து வெச்சிருக்கும், ராத்திரி டார்ச் அடிச்சுப் பாத்தா எல்லா விரலையும் நீட்டி தண்ணியில மிதக்கற பொடி ஜீவனைப் பிடிச்சுத் தின்னுகிட்டிருக்கும்.

ஆனா அதோட சாப்பாட்டுல பெரும்பங்கு உள்ள குடியிருக்கற கண்ணுக்குத் தெரியாத பாசி வெயில்ல சமைச்சுக் குடுக்கறது. வாடகைக்குப் பதிலா சோறு பொங்கிப் போடற குடித்தனக்காரன்னு வெச்சுக்கோங்க. பவளத்தோட நிறத்துக்கும் முக்கியக் காரணம் அந்தப் பாசிதான். உருண்டையா வளர்ற வகை வருஷத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்தான் வளரும், கிளை விடற வகை 10 சென்டிமீட்டர் கூட போகும். ஆள் உயர உருண்டை ஒண்ணு பாத்தீங்கன்னா அது வெள்ளக்காரன் காலத்துலேர்ந்து அங்க உக்காந்திருக்குன்னு அர்த்தம்.

நம்ம கடல்லயே பாறை இருக்குல்லா, அதுக்கு எதுக்கு லட்சத்தீவு வரைக்கும் போணும்?

இருக்கு, நிறையவே இருக்கு. இனயம், கடியப்பட்டணம், முட்டம் பக்கத்து பாரு, அதாவது கடலுக்கடியில உள்ள பாறைத் திட்டு, அதைப் பத்தி சிப்பி எடுக்க முங்கற பிள்ளைகளைக் கேளுங்க, நம்மளைவிட நல்லா சொல்லுவாங்க. அது பெரும்பாலும் கருங்கல்லு, அதுமேல சிப்பி, கடற்பஞ்சு, கடல் விசிறி, அங்கங்க கொஞ்சம் பவளம். பவளம் சுவர் சுவரா எழுப்பி நிக்கணும்னா வருஷம் பூரா வெளிச்சம் உள்ள இறங்கணும், நமக்கு மழைன்னா பழையாறும் குழித்துறை ஆறும் மண்ணைக் கொண்டு வந்து கொட்டிரும், ஆனி ஆடியில கடல் அடிக்கற அடியில கையை நீட்டினா கை தெரியாது.

லட்சத்தீவுல தீவே பவளம். பழைய எரிமலை மெதுவா அமுங்க அமுங்க அதுமேல இருந்த பவளம் வெளிச்சத்தை விடாம மேல மேல கட்டிகிட்டே வந்து கடைசில வளையமா நின்னுருக்கு. வளையத்துக்குள்ள ஆழமில்லாத பச்சைக் கடல், அதைத்தான் உள்கடல்னு சொல்றேன், வளையத்து மேல மணல் ஒதுங்கின இடம்தான் தீவு. மன்னார் வளைகுடாவுலயும் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவுல 21 தீவைச் சுத்தி பவளம் இருக்கு, ஆனா அது 1986லேர்ந்து தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாம தீவுல கால் வைக்க முடியாது.

லட்சத்தீவு எவ்வளவு தூரம், நம்ம போட்டுலயே போயிர முடியாதா?

மேப்பை எடுத்து தூத்தூர்லேர்ந்து நேரா மேற்க ஒரு கோடு போடுங்க, ஏறக்குறைய 450 கிலோமீட்டர்ல லட்சத்தீவோட மினிக்காய் தீவு வந்துரும், ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகை. நம்ம ஆழ்கடல் போட்டுக்கு அது பழகின தண்ணிதான். 2017ல ஓகி அடிச்சப்போ தப்பிப் பிழைச்ச போட்டு நிறைய அந்தத் தீவுகள்லதான் ஒதுங்குச்சு, அங்க உள்ளவங்க சோறு போட்டு பாத்துகிட்டாங்க, அதே புயல் அவங்க தென்னையையும் சாய்ச்சுட்டுப் போன நேரம் அது.

ஆனா படம் எடுக்கப் போறவங்க முறையாத்தான் போகணும். 36 தீவுல ஆள் இருக்கறது 10ல, அதுல எதுக்குப் போகணும்னாலும் நுழைவு அனுமதி முன்னாடியே எடுக்கணும். கொச்சியிலேர்ந்து கப்பல், இல்லன்னா அகத்திக்கு விமானம். கப்பல் டிக்கெட் கிடைக்கறதுதான் பெரிய பாடு, அதுக்கேத்த மாதிரி லீவு போடுங்க.

எந்த மாசம் போனா தண்ணி கண்ணாடியா இருக்கும்?

தென்மேற்குப் பருவமழை விட்டு அக்டோபர்லேர்ந்து மே பாதி வரைக்கும். நான் சொல்றது டிசம்பர்லேர்ந்து மார்ச். ஏப்ரல், மே மாசமும் தண்ணி தெளிவா இருக்கும், ஆனா சூடு கூடற நேரம், அதுல ஒரு சங்கதி இருக்கு, கீழ வெள்ளைப் பவளம் கேள்வியில சொல்றேன்.

எனக்கு நீச்சலே தெரியாதே, நான் பாக்கவே முடியாதா?

பாக்கலாம். கண்ணாடி அடி போட்ட படகு இருக்கு, லைஃப் ஜாக்கெட் போட்டுகிட்டு மாஸ்க், ஸ்நார்க்கலோட ஆழமில்லாத உள்கடல்ல கைடு கையைப் பிடிச்சுகிட்டும் மிதக்கலாம். ஒண்ணே ஒண்ணு, பயம் வந்ததும் கால் தானா தரையைத் தேடும், அந்தக் கால் போய் நிக்கறது பவளத்து மேல. அதனால மணல் தரை உள்ள இடத்துல பழகிட்டு அப்புறம் பவளத்துக்கு மேல போங்க. லைஃப் ஜாக்கெட் போட வெக்கப்படற ஆம்பளைங்கதான் அதிகமா மிதிக்கறாங்க, நான் பாத்த வரைக்கும்.

என் போன் வாட்டர் ப்ரூஃப்தான், அதையே கொண்டு போனா போதாதா?

போன்ல ஐபி68னு போட்டிருக்கறது நல்ல தண்ணியில சோதிச்சுப் பாத்தது, உப்புத் தண்ணிக்கு அது கேரண்டி இல்ல. கோப்ரோ மாதிரி ஆக்‌ஷன் கேமரா தண்ணி புகாத வெளிக்கூடு இல்லாமலே 10 மீட்டர் வரைக்கும் தாங்கும், ஓஎம் சிஸ்டம் (பழைய ஒலிம்பஸ்) டிஜி-7 வகையறா 15 மீட்டர். டைவ் அடிச்சு அதுக்குக் கீழ போறதா இருந்தா கட்டாயம் வெளிக்கூடு வேணும்.

வெளிக்கூடு இருந்தா உங்க தலையெழுத்து ஓ-ரிங்ன்னு ஒரு ரப்பர் வளையத்துலதான் இருக்கு. மூடறதுக்கு முன்னாடி அதைக் கழட்டி ரெண்டு விரலுக்கு நடுவுல மெதுவா உருவிப் பாருங்க, ஒரே ஒரு மணல் பொடி, ஒரு முடி, துண்டு நூலு இருந்தாலும் விரல்ல நெரடும். அந்த முடி வழியாத்தான் தண்ணி வரும். நெரடுச்சுன்னா துடைச்சு, சிலிக்கான் கிரீஸ் பட்டும் படாம தடவி, வளையம் முறுக்காம உக்காந்திருக்கான்னு சுத்திப் பாத்துட்டு மூடுங்க, முதல்ல கேமரா இல்லாம வெறும் கூட்டை மட்டும் வாளியில முக்கிப் பாருங்க. உள்ள ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டா கண்ணாடி ஆவி படியாது. மேல வந்ததும் நல்ல தண்ணியில ஊற வைக்கணும், உப்பு காஞ்சுதுன்னா பட்டன் எல்லாம் இறுகிப் போகும்.

நேர்ல கலர் கலரா இருந்துச்சு, படத்துல எல்லாம் நீலமா வருதே ஏன்?

தண்ணி முதல்ல சிவப்பைத் தின்னும். 5 மீட்டர்லயே சிவப்பு பெரும்பாலும் போயிரும், அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள், கடைசில மிஞ்சறது நீலம். நம்ம மூளை அதைச் சரி பண்ணிப் பாக்குது, கேமரா இருக்கறதை அப்படியே காட்டுது. இதுல பலபேர் மறக்கறது என்னன்னா ஆழம் மட்டும் கணக்கு இல்ல, உங்களுக்கும் பவளத்துக்கும் நடுவுல உள்ள தண்ணியும் சேத்துதான் கணக்கு. 3 மீட்டர் ஆழத்துல நின்னுகிட்டு 4 மீட்டர் தள்ளி இருக்கறதை ஜூம் பண்ணினா நீலம்தான் வரும். ஜூமை மறந்துட்டு வைடு வெச்சு கிட்டப் போங்க, ஒரு முழ தூரம் போதும்.

ஆழமில்லாத இடத்துல வெயில் நல்லா இருந்தா தண்ணிக்குள்ள எழுதற வெள்ளை ஸ்லேட்டைக் காட்டி ஒயிட் பேலன்ஸ் (எது வெள்ளைன்னு கேமராவுக்குச் சொல்றது) வைங்க, 5லேர்ந்து 15 மீட்டருக்குள்ள சிவப்பு ஃபில்டர் உதவும், ரா ஃபைல்ல (கேமரா திருத்தாத மூலப் படம்) எடுத்தா வீட்ல வந்து கொஞ்சம் மீட்கலாம். அதுக்கும் கீழ விளக்கு வேணும். கேமராவுல உள்ள பிளாஷை மட்டும் அடிச்சீங்கன்னா தண்ணியில மிதக்கற தூசி எல்லாம் வெள்ளைப் புள்ளியா படம் பூரா தெரியும், விளக்கை கை நீளத்துக்கு ரெண்டு பக்கமும் தள்ளி வெச்சு கொஞ்சம் வெளிப்பக்கமா திருப்பினா அது குறையும். குனிஞ்சு எடுக்கறதைவிட பவளத்தை விடக் கீழ, மணல்பக்கம் இறங்கி மேல பாத்து எடுத்தா பின்னாடி நீலக்கடல் வந்து படம் நிக்கும்.

முதல்ல டைவிங் கத்துக்கணுமா, கேமரா வாங்கணுமா?

டைவிங். அடிப்படை கோர்ஸ் முடிச்சா 18 மீட்டர் வரைக்கும் போலாம், ஆனா சர்ட்டிபிகேட் கையில வந்துட்டா போதாது. மணலுக்கு ஒரு முழம் மேல கை காலை ஆட்டாம, மூச்சை மட்டும் வெச்சு ஒரே இடத்துல மிதந்து நிக்க முடியுதா பாருங்க. முடியலன்னா கேமராவை ரூம்லயே வெச்சுட்டு வாங்க. கண்ணு வியூ ஃபைண்டருக்குள்ள போயிட்டா கால் எங்க இருக்குன்னு தெரியாது, பின்னாடி துடுப்பு வீச்சுல கிளைப் பவளம் ஒடியும், ஒடிஞ்சதே தெரியாம படத்தை எடுத்துட்டு சந்தோஷமா வந்துருவோம். தவளை நீந்தற மாதிரி காலைப் பக்கவாட்டுல அடிக்கப் பழகினா மணலும் கிளம்பாது, ஒடியவும் ஒடியாது.

சும்மா லேசா தொட்டா என்ன ஆகப்போவுது?

மேல முதல் பதில்ல சொன்ன அந்தத் தோல் அடுக்கு ரொம்ப மெல்லிசு, கீழ சுண்ணாம்பு கத்தி மாதிரி கூர்மை. நீங்க விரல் வெச்சு அழுத்தினா அந்தத் தோல் தன்னோட எலும்புலயே கிழியும், கிழிஞ்ச இடத்துல வேற பாசியோ நோயோ புகுந்துரும். ஒரு ஆள் தொட்டா தாங்கும். ஒரே டைவ் இடத்துக்கு சீசன் பூரா ஆள் வந்தா?

உங்களுக்கும் நல்லதில்ல. நெருப்புப் பவளம்னு ஒண்ணு இருக்கு, பட்ட இடம் எரிஞ்சு தடிச்சுக்கும், கல்லு மாதிரியே கிடக்கற கல்மீன் முள் குத்தினா ஆஸ்பத்திரிதான். கையுறை போட்டா பிடிக்கலாம்னு தோணும், அதனாலதான் நான் போடறதில்ல. சன்ஸ்கிரீனையும் குறைங்க, ஆக்சிபென்சோன் உள்ளதை பலாவ் நாட்டுல 2020லயும் ஹவாயில 2021லயும் தடை பண்ணிட்டாங்க. முழுக்கை நீச்சல் சட்டை போட்டா முக்கால்வாசி உடம்புக்கு கிரீமே வேண்டாம்.

மீனுக்கு ரொட்டித் துண்டு போட்டா கிட்ட வருமே, நல்ல படம் கிடைக்குமே?

ரொட்டிக்கு அடிச்சுக்கற மீன் படம்தான் கிடைக்கும். அதுக்குப் பதிலா ஒரு உருண்டைப் பவளத்து முன்னாடி அசையாம நில்லுங்க. அதுமேல சின்னதா நீலம், ஆரஞ்சு, மஞ்சள்னு ஜோடி ஜோடியா சுருள் மரம் மாதிரி ஒரு புழு நீட்டிகிட்டிருக்கும், பவளத்துக்குள்ள குழாய் போட்டுக் குடியிருக்கறது. உங்க நிழல் பட்டதும் எல்லாம் சட்டுனு உள்ள போயிரும், வெறும் ஓட்டைதான் தெரியும். மூச்சை மெதுவா விட்டுகிட்டு காத்திருந்தா முதல்ல ஒண்ணு நுனியை மட்டும் நீட்டிப் பாக்கும், பாதி வரும், நிக்கும், அப்புறம்தான் முழுசா விரிக்கும், அது விரிஞ்சதைப் பாத்துதான் பக்கத்துல உள்ளது வரும்னு எனக்கு ஒரு எண்ணம், அது தப்பாவும் இருக்கலாம். காது குடுத்தா கரக் கரக்னு சத்தம் கேக்கும், அது கிளிமீன், அதாவது பேரட் ஃபிஷ், பாறையைக் கடிக்கற சத்தம். தின்ன சுண்ணாம்பை அரைச்சு பின்னாடி மணலா விடும், நீங்க வெறுங்காலோட நடந்த வெள்ளை மணல்ல ஒரு பங்கு அதோட உபயம்தான்.

நான் பாத்த பவளம் பால் வெள்ளையா அழகா இருந்துச்சு, அது என்ன வகை?

அது வகை இல்ல, சாகக் கிடக்கறது. அந்த இடத்துல வழக்கமா வர்ற உச்ச வெயில் காலத்துச் சூட்டைவிட தண்ணி ஒரு டிகிரி கூடி சில வாரம் அப்படியே நின்னா குடித்தனக்காரனுக்கும் வீட்டுக்காரனுக்கும் ஒத்து வராம பாசி வெளிய போயிரும். நிறம் போய் உள்ள இருக்கற எலும்பு வெள்ளையா தெரியுது. உயிர் இன்னும் இருக்கும், சூடு சீக்கிரம் இறங்கினா பாசி திரும்ப வந்து பிழைச்சுக்கும். ரெண்டு மாசம் நீண்டா பெரும்பாலும் செத்துரும், செத்த கொஞ்ச நாள்ல மேல பச்சையும் பழுப்புமா பாசம், அதாவது வழுக்குப் பாசி, படியும். அதனால பளீர்னு வெள்ளை, மேல பாசம் இல்லன்னா இப்போதான் ஆகியிருக்குன்னு அர்த்தம், அதைத்தான் நீங்க அவசரமா தேதியோட பதிவு பண்ணணும்.

லட்சத்தீவுல 1998, 2010, 2016, திரும்ப 2024ன்னு பெரிய வெளுப்பு நாலு தடவை வந்துருக்கு. 1998லேர்ந்து அங்கயே தொடர்ந்து அளந்துகிட்டு வர்ற ஆராய்ச்சியாளர்கள் கணக்குப்படி உயிர்ப் பவளம் மூடியிருந்த பரப்பு ஏறக்குறைய 37 சதவீதத்துலேர்ந்து 2022ல 19 சதவீதம் பக்கம் வந்துருச்சு. பாதி போச்சு. ஒவ்வொரு அடிக்கும் நடுவுல அதுக்குக் கிடைக்கற ஓய்வு பத்தலைங்கறதுதான் பிரச்சினை.

சரி, நான் எடுக்கற படத்தால பவளத்துக்கு என்ன பிரயோஜனம்?

அழகான படம் ஒண்ணே ஒண்ணுன்னா பெருசா ஒண்ணும் இல்ல, லைக் வரும். ஒரே இடத்தை, ஒரே கோணத்துல, திரும்பத் திரும்ப எடுத்தா பிரயோஜனம் இருக்கு. மேல சொன்ன 37, 19ங்கற எண்ணு எங்கேர்ந்து வந்துச்சு? ஒரே இடத்துக்கு வருஷா வருஷம் போய் பாத்தவங்க இருந்ததாலதான். போட்டோ சுமாரா இருந்தாலும் பரவால்ல, இடமும் தேதியும் ஆழமும் இருந்தா அது சாட்சி.

எப்படி எடுக்கறதுன்னா, டைவ் படகு கட்டற நிரந்தர மிதவை இருக்கும்ல, அதோட கயிறு அடியில கட்டியிருக்கற கல்லை ஆரம்பமா வெச்சுக்கோங்க, அங்கேர்ந்து காம்பஸ் பாத்து ஒரு திசையில இத்தனை துடுப்பு வீச்சுன்னு போய் நிக்கற பெரிய உருண்டை எது, பக்கத்துல மேசைப் பவளம் எதுன்னு ஸ்லேட்ல படம் போட்டு வைங்க. ஆணி அடிக்கறது, பெயின்ட் அடிக்கறது எல்லாம் கூடாது. பிவிசி பைப்ல 50 சென்டிமீட்டர் சதுரம் ஒண்ணு பண்ணி பைப்புல ஓட்டை போட்டுட்டா தண்ணி புகுந்து மிதக்காது, கூட வர்றவர் அதைப் பவளத்துல படாம பிடிச்சுக்க, நேர் மேலேர்ந்து ஒரு படம். அப்புறம் தள்ளி நின்னு மொத்த இடமும் தெரியற மாதிரி ஒண்ணு. டைவ் கம்ப்யூட்டர்ல காட்டற ஆழமும் தண்ணிச் சூடும் மேல வந்ததும் எழுதிருங்க, அடுத்த டைவ்ல மறந்துரும்.

நிறத்துக்கு ஒரு அட்டை இருக்கு, ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்துல உருவாக்கின கோரல்வாட்ச் அட்டை, வெளிர்லேர்ந்து அடர்த்தி வரைக்கும் 1 முதல் 6. பவளத்துப் பக்கத்துல பிடிச்சு எது பொருந்துதுன்னு பாத்து எண்ணைக் குறிச்சா போதும், கேமரா கலர் பொய் சொன்னாலும் அட்டையும் அதே படத்துல இருக்கறதால ஒப்பிட்டுக்கலாம். படத்தை எல்லாம் அந்தத் தீவு டைவ் சென்டர்ல ஒரு காப்பி குடுத்துட்டு வாங்க. அடுத்த வருஷம் நீங்க போகலன்னாலும் யாராவது அதே இடத்துல எடுப்பாங்க.

அப்போ ஜிபிஎஸ் பாயின்ட்டோட நெட்ல போட்டுரலாம்ல?

வேணாம். படத்தைப் போடுங்க, தீவு பேரு போடுங்க, பாயின்ட்டைப் போடாதீங்க. நல்ல இடம்னு தெரிஞ்சா முதல்ல வர்றது நங்கூரம். ஒரு நங்கூரம் சங்கிலியோட காத்துக்கு சுத்தினா நூறு வருஷத்து உருண்டை காலி. அப்புறம் கடல் அட்டைங்கற (கடல் வெள்ளரி) ஜீவனைத் திருடறவங்க. கடல் அட்டை அங்க அவ்வளவு கடத்தறாங்கன்னுதான் 2020ல செரியபாணி பக்கம் 239 சதுர கிலோமீட்டரை கடல் அட்டைக்குன்னே காப்பகமா அறிவிச்சாங்க. ஐநேச்சுரலிஸ்ட்ல (பாத்த உயிரினத்தைப் படத்தோட பதியற இணையதளம்) பதிவு பண்றவங்க இடத்தை மறைச்சு வைக்கற வசதியைப் பயன்படுத்துங்க, ஆராய்ச்சி பண்றவங்க கேட்டா தனியா குடுக்கலாம்.

கரையில ஒதுங்கிக் கிடந்த செத்த துண்டுதான், ஒண்ணு ஞாபகத்துக்கு எடுத்துட்டு வந்தா என்ன?

1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல பாறை கட்டற பவளம், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி எல்லாம் முதல் அட்டவணையில இருக்கு. புலி இருக்கற அதே அட்டவணை. செத்ததா உயிரோட இருந்துச்சாங்கற பேச்சு அங்க எடுபடாது, பைக்குள்ள இருந்தா கேஸ், 3லேர்ந்து 7 வருஷம் வரைக்கும் ஜெயில்னு சட்டத்துல இருக்கு.

இதுக்கு அடுத்து உடனே வர்ற கேள்வி, கன்னியாகுமரி கடைத்தெருவுல விக்கறாங்களேன்னு. அங்க விக்கற வலம்புரி, இடம்புரி சங்கு, சாதா சோழி தடைப் பட்டியல்ல இல்ல. ஆனா ட்ரைட்டன் எக்காளச் சங்கு, நாட்டிலஸ் மாதிரி சிலது இருக்கு, வெள்ளைக் கிளைப் பவளம் கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்தாலும் அதே சட்டம்தான். மோதிரத்துல போடற சிவப்புப் பவளம் வேற இனம், அது பெரும்பாலும் மத்தியதரைக் கடல் பக்கத்துலேர்ந்து வர்றது. சந்தேகம்னா வாங்காம வாங்க.

பவளத்தை அழிக்கறதே மீன்பிடிக்கறவங்கதானேன்னு டிவியில சொல்றாங்களே?

எந்த மீன்பிடிப்புன்னு கேக்கணும். மினிக்காய்ல தலைமுறை தலைமுறையா சூரை பிடிக்கறது வலை போட்டு இல்ல, தூண்டில் கழி. முதல்ல உள்கடல்ல பொடிமீனை உயிரோட பிடிச்சு தொட்டியில வெச்சுக்குவாங்க, வெளிக்கடல்ல சூரைக் கூட்டத்தைக் கண்டதும் அதை வாரி இறைச்சு, தண்ணியைத் தெளிச்சு, சூரை வெறி பிடிச்சு வரும்போது ஒவ்வொண்ணா தூக்கிப் போடறது. அந்தப் பொடிமீன் பவளத்தை நம்பித்தான் இருக்கு. பவளம் போனா பொடிமீன் போகும், பொடிமீன் போனா சூரை போகும், அதனால அவங்களுக்கு பவளம் வேணும்னு யாரும் கிளாஸ் எடுக்க வேண்டாம்.

கவலை எங்கன்னா, சூரையை விட்டுட்டு பவளத்துலயே வாழற களவா, கிளிமீன் மாதிரி மீனை வெளி மார்க்கெட்டுக்காக அள்ள ஆரம்பிக்கற இடத்துல. கிளிமீன் பாசத்தை மேய்ஞ்சு பாறையைச் சுத்தமா வைக்கலன்னா வெளுத்துச் செத்த இடத்துல புதுப் பவளக் குஞ்சு ஒட்டவே முடியாது. அப்புறம் ஹோட்டல்ல போய் கிளிமீன் கிடைக்குமான்னு கேக்கற டூரிஸ்ட்டும் இந்தக் கணக்குல வருவாரு.

மக்களே, நம்ம தூத்தூர் பிள்ளையள டீகோ கார்சியா பக்கம் போனா வெள்ளக்காரன் புடிச்சு வெக்கான்லா, அங்க அப்படி என்னதான் இருக்கு?

அது சாகோஸ் தீவுக்கூட்டத்துல ஒரு தீவு, கன்னியாகுமரிக்குத் தெக்க ஏறக்குறைய 1,800 கிலோமீட்டர். அந்தக் கூட்டத்துல 50க்கு மேல குட்டித் தீவு, உலகத்துலயே பெரிய பவள வளையம் அங்கதான் இருக்கு. 2010ல பிரிட்டன் அதைச் சுத்தி 6 லட்சத்து 40 ஆயிரம் சதுர கிலோமீட்டரை மீனே பிடிக்கக் கூடாத பாதுகாப்புப் பகுதின்னு அறிவிச்சுது. சுறா தேடிப் போற நம்ம போட்டு பல தடவை மாட்டினது அதுலதான், போட்டும் பிடிச்ச மீனும் போய் அபராதமும் கட்டி கடன்ல நிக்கற குடும்பம் நம்ம ஊர்ல உண்டு.

பவளம் அங்க நல்லா இருக்குங்கறது உண்மை. ஆனா ஆளே இல்லாத சொர்க்கம்னு அதைப் பேசறப்போ எனக்கு எரிச்சல் வரும். 1968க்கும் 1973க்கும் நடுவுல அங்க வாழ்ந்த மக்களை அமெரிக்கக் கடற்படைத் தளத்துக்காக மொத்தமா வெளியேத்தினாங்க. அந்தப் பாதுகாப்புப் பகுதியை அறிவிச்ச விதம் கடல் சட்டத்துக்கு விரோதம்னு 2015ல சர்வதேச நடுவர் மன்றம் சொல்லிருச்சு, 2025 மே மாசம் தீவுகளை மொரீஷியஸுக்குக் குடுக்கற ஒப்பந்தத்துல பிரிட்டன் கையெழுத்துப் போட்டுது. பவளத்தைக் காக்கறதுக்கும் அங்க உள்ளவங்களைத் துரத்தறதுக்கும் சம்பந்தம் இல்ல, மினிக்காய்க்காரங்க ஊர்லயே இருந்துகிட்டுதான் காக்கறாங்க.

எப்படியோ ஆள் இல்லாட்டி பவளம் தானா பத்திரமா இருக்கும்ல?

வலை, நங்கூரம், சாக்கடை இல்லாததால பத்திரம்தான், ஆனா சூட்டுக்கு பாஸ்போர்ட் வேண்டாமே. 1998லயும் 2015, 16லயும் சாகோஸ் பவளம் ஏராளமா வெளுத்துச் செத்துது. ஒரு வித்தியாசம், 1998க்கு அப்புறம் அங்க பத்துப் பன்னெண்டு வருஷத்துல நல்லா தேறிருச்சு, மேய்ற மீன் குறையாம இருந்தது அதுக்கு ஒரு காரணம்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச சங்கதி அங்க எலி பத்தினது. பழைய காலத்துல கப்பல்ல ஏறி வந்த எலி சில தீவுல குடியேறி கடல்பறவை முட்டையைத் தின்னு தீத்துருச்சு. எலி இல்லாத தீவுல பறவை அடர்த்தி 760 மடங்கு அதிகம்னு 2018ல ஆராய்ச்சி முடிவு வந்துச்சு. பறவை எச்சம் மழையில கரைஞ்சு கடலுக்குப் போய் உரமாகி, அந்தத் தீவுகளைச் சுத்தி மீனோட மொத்த எடையே பாதிக்குப் பாதி கூட இருந்துருக்கு. பவளத்தைக் காப்பாத்தணும்னா சில இடத்துல கரையில எலி பிடிக்கணும், யாருக்குத் தோணும் இது?

ஆமை பெருகினா கடல் நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?

பெரும்பாலும். ஆனா அகத்தி உள்கடல்ல பச்சை ஆமை கூட்டம் கூட்டமா சேந்து கடல்புல்லை வேரோட மேய்ஞ்சு தீத்துது, புல்லை நம்பி இருந்த மீன் குறைஞ்சு அங்க உள்ள மீனவங்களுக்கு ஆமை மேல கோபம். ஆமையோட அழகா செல்ஃபி போடறதுக்கு முன்னாடி பக்கத்துல தூண்டில் போடற பெரியவர்கிட்ட ஒரு வார்த்தை பேசிப் பாருங்க, வேற கதை கிடைக்கும்.

பவளத்தை நட்டு வளக்கறாங்களாமே, காசு குடுத்தா என் பேருல ஒண்ணு நடுவாங்களாம், நடலாமா?

ஒடிஞ்ச துண்டை சிமெண்ட் பலகையில கட்டி வளக்கறது நடக்குது, மன்னார் வளைகுடாவுல தூத்துக்குடி ஆராய்ச்சியாளர்கள் நல்லாவே பண்ணியிருக்காங்க. அங்க சுண்ணாம்புக்காக வருஷக்கணக்கா பவளத்தை வெட்டி எடுத்ததுல பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ரெண்டு தீவும் தண்ணிக்குள்ள போச்சு, வான் தீவும் போயிருமோன்னு அதைச் சுத்தி செயற்கைப் பாறை இறக்கி அலையைத் தடுத்தாங்க. கை வெச்சு உடைச்ச இடத்துக்கு அது சரியான வைத்தியம்.

சூட்டுல செத்த இடத்துல நட்டா அடுத்த சூட்டுல நட்டதும் சாகும். அதனால காசு கேக்கறவங்ககிட்ட மூணு கேளுங்க: அனுமதி யார் குடுத்தது, துண்டு எங்கேர்ந்து எடுத்தது, போன வெளுப்புக்கு அப்புறம் எத்தனை மிச்சம். மூணாவதுக்கு பதில் வரலன்னா பேரு எழுதின போர்டுக்குத்தான் காசு குடுக்கறீங்க.

அக்கா கோவிச்சுக்காதீங்க, நீங்களே படத்தைப் போட்டு கூட்டத்தைக் கூட்டிட்டு அப்புறம் காப்பாத்துங்கன்னா எப்படி?

நியாயமான கேள்வி. 2024 ஆரம்பத்துல பிரதமர் லட்சத்தீவு படம் போட்டதும் அத்தனை பேரும் டிக்கெட் தேடினது ஞாபகம் இருக்கும். மொத்த நிலமே 32 சதுர கிலோமீட்டர்தான், நம்ம தாலுகா ஒண்ணுகூட வராது. குடிக்கற தண்ணி மணலுக்கடியில உப்புத் தண்ணி மேல மெல்லிசா மிதக்கற நல்ல தண்ணி, கூட உறிஞ்சினா உப்பு ஏறிரும், கழிவு இறங்கினா உள்கடலுக்குத்தான் போகும். கவரத்தியில கடல்தண்ணியைக் குடிதண்ணியாக்கற நிலையம் 2005ல வந்ததே இதுக்குத்தான்.

அதனால நான் இப்போ போகச் சொல்றதைவிட போனவங்க திரும்ப அதே இடத்துக்குப் போகச் சொல்றதுதான் அதிகம். பத்து தீவைப் பத்து படமா சுத்தறதுக்குப் பதிலா ஒரு தீவு, தங்கறது உள்ளூர் வீடு, கொண்டு போன பிளாஸ்டிக்கைத் திரும்ப கொச்சிக்கே கொண்டு வரணும். போகாம இருக்கறதும் ஒரு முடிவுதான், அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

போக வசதி இல்ல, இங்க நம்ம கடற்கரையில இருந்துகிட்டே என்ன பண்ணலாம்?

மேல ரெண்டாவது கேள்வியில சொன்ன நம்ம பாரையே எடுங்க. அதை ஒழுங்கா படம் எடுத்து வெச்சவங்க ரொம்பக் கம்மி. சிப்பி எடுக்கற பிள்ளைகளுக்கு ஒவ்வொரு பாரும் பேரோட தெரியும், கரையில தெரியற கோயில் கோபுரத்தையும் மலையையும் ஒரு நேர்ல வெச்சு இடத்தைப் பிடிச்சுருவாங்க. அவங்க கையில ஒரு பழைய ஆக்‌ஷன் கேமரா குடுத்து மழை விட்டு தண்ணி தெளியற மாசத்துல அதே பாரை வருஷா வருஷம் எடுக்கச் சொன்னா போதும், மேல சொன்ன சதுரமும் ஸ்லேட்டும் இங்கயும் அதே மாதிரிதான். அறுந்து பாருல மாட்டின வலையைக் கண்டா பிடிச்சு இழுக்கச் சொல்லாதீங்க, விசிறியும் பஞ்சும் சேந்து பிய்யும், கத்தரி வெச்சு துண்டு துண்டா வெட்டித்தான் எடுக்கணும், அதுவும் ரெண்டு பேரா, மேல படகுல ஆள் வெச்சுகிட்டு.

2025 மே மாசம் கொச்சிக்கு வெளிய எம்எஸ்சி எல்சா 3 கப்பல் முங்கினப்போ நம்ம கரையெல்லாம் அரிசி மாதிரி வெள்ளை பிளாஸ்டிக் குருணை ஒதுங்குச்சுல்லா, அது இன்னும் மணலைச் சலிச்சா கிடைக்கும். காலையில நடக்கப் போறவங்க ஒரே இடத்துல ஒரு முழம் சதுரத்தைச் சலிச்சு, எண்ணி, தேதி போட்டு, சதுரம் முழுசா தெரியற மாதிரி ஒரு படம் எடுத்து வைங்க, மாசம் ஒருக்கா. இதுக்கு போன் கேமராவே போதும்.